பணிக்கொடை: கொடையா, கடனா?

ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தும்போது முதலாளி அவர் கையில் வைக்கும் பணத்துக்கு ஷரீஅத்தில் என்ன பெயர்? அது ஹதியாவா, ஸதகாவா, அல்லது உஜ்ரத்தா? புதுவை நகரத்தில் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் முதலாளிமாரும் கேட்கிறார்கள், வேலை இழந்தவர்களும் கேட்கிறார்கள். இரு சாராரும் கேட்பதற்குக் காரணம் ஒன்றே. நம் மொழியில் அதற்கு வாய்த்த பெயர் பணிக்கொடை. கொடை என்றால் கொடுப்பவன் மனம் வைத்துக் கொடுப்பது. ஆங்கிலத்தில் கிராஜுவிட்டி என்கிறார்களே, அதன் வேர்ச்சொல்லும் இனாம் என்ற பொருளைத்தான் சுமந்திருக்கிறது. பெயர் கொடையாக இருப்பதால் கொடுப்பவர் கையை உயர்த்திக் கொடுக்கிறார். வாங்குபவர் தலையைத் தாழ்த்தி வாங்குகிறார். பெயரை விட்டு விட்டு விஷயத்தைப் பார்த்தால், இந்தத் தலைதாழ்வுக்கு ஷரீஅத்திலும் இடமில்லை, நாட்டுச் சட்டத்திலும் இடமில்லை.

கடமை வேறு, உபகாரம் வேறு என்று பிரித்தறிவதற்குத் திருக்குர்ஆனிலேயே தெளிவான பாடம் இருக்கிறது. ஸூரத்துல் கஸஸில் நபி மூஸா (அலை) அவர்கள் மத்யனில் கூலிக்கு அமர்ந்த வரலாறு வருகிறது. அந்தப் பெரியவர் எட்டு ஆண்டு வேலையை நிபந்தனையாகச் சொல்கிறார். பத்தாக நிறைவு செய்தால் அது உம் புறத்திலிருந்து செய்யும் நன்மை என்கிறார். உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்றும் சொல்கிறார். கூலி ஒப்பந்தமாகிய இஜாராவுக்கு இந்த வசனத்தை ஃபுகஹாக்கள் ஆதாரமாகக் காட்டுவது மதரஸாவில் ஓதிய யாவருக்கும் தெரியும். நாம் கவனிக்க வேண்டியது அந்த எட்டும் இரண்டும். எட்டு கடமை, இரண்டு உபகாரம். இரண்டும் ஒரே பேச்சில் வந்தாலும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. உபகாரத்தைக் கடமை என்று எவரும் பிடுங்க முடியாது. அதுபோலக் கடமையை உபகாரம் என்று காட்டிப் பெயர் வாங்கவும் முடியாது.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். புதுவையில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. ஜனங்கள் ரோடியர் மில், சவானா மில், கெப்ளே மில் என்று அழைத்தார்கள். பிற்காலத்தில் அவை முறையே ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று பெயர் பெற்றன. 1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சு ஆட்சியில், உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிர் நீத்தார்கள். வ. சுப்பையா போன்ற தலைவர்கள் நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முதலில் அது வந்தது இந்த ஊரில்தான் என்று இன்றும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஜூலை 30 தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது.

அந்த ஊரின் ஆலைகள் எப்படி முடிந்தன? 1898-இல் தொடங்கிய ரோடியர் மில்லை 1986-இல் புதுவை அரசு ஏற்று, ஒரு கழகம் அமைத்து நடத்தியது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் ஆலையைச் சிதைத்தது. 2013-இல் உற்பத்தி நின்றது. தொழிலாளர் லே-ஆஃப் முறையில் பாதிச் சம்பளத்தில் வைக்கப்பட்டனர். 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ஆலை மூடப்பட்டது. ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் இருந்த நாட்கள் அவை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் சங்கு ஊதிய ஆலை சங்கில்லாமல் முடிந்தது. அரசே முதலாளியாக இருந்த இடத்தில்கூட பாதிச் சம்பளம், மூடல் நஷ்டஈடு, பணிக்கொடை, சேமநல நிதி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டியிருந்தது என்றால், நாலு பேர் வேலை செய்யும் கடையில் கணக்கே இல்லாமல் ஆளை அனுப்புவது எவ்வளவு எளிதாக நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆளைக் குறைப்பதே ஹராம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது மார்க்கத்தின் மேல் இட்டுக்கட்டுவதாகும். மாதச் சம்பளத்துக்கு அமர்த்திய ஒப்பந்தத்தை மாத முடிவில் புதுப்பிக்காமல் விட இரு தரப்பாருக்கும் ஃபிக்ஹில் வழியுண்டு. வியாபாரம் நொடித்துப் போவது போன்ற தக்க காரணம் ஏற்பட்டால் இடையிலேயே இஜாராவை முறிக்கலாம் என்று ஹனஃபீ இமாம்கள் கூறுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இதில் கடினம் அதிகம். ஆனால் ஒப்பந்தம் நிற்கும் காலமெல்லாம் சட்டம் வேறு. ஒரே முதலாளிக்குத் தன் நேரத்தை ஒப்புக்கொடுத்தவனை அஜீர் காஸ் என்பார்கள். அவன் குறித்த நேரத்தில் வந்து நின்றுவிட்டால், முதலாளி வேலை கொடுக்காவிட்டாலும் அவனுக்குக் கூலி உண்டு. நூல் வரவில்லை, மின்சாரம் இல்லை என்பது அவனுடைய குற்றமன்று. லே-ஆஃப் காலத்துக்கு நாட்டுச் சட்டம் பாதிச் சம்பளம்தான் விதிக்கிறது. அந்த அளவில் நம் கிதாபுகள் தொழிலாளிக்குச் சட்டத்தைவிட அதிகமாகவே கொடுக்கின்றன என்பதை நம் முதலாளிமார் கவனிக்கட்டும்.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி எழும். ‘செய்த வேலைக்கு மாதா மாதம் கூலி கொடுத்தாயிற்று. அதற்கு மேல் ஆண்டுக்கு இத்தனை நாள் சம்பளம் என்று கேட்பது எந்தக் கிதாபில் இருக்கிறது? அது அரசாங்கத்தின் கட்டாயம்தானே?’ என்று சிலர் வாதிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பழைய ஃபிக்ஹு கிரந்தங்களில் பணிக்கொடை என்ற பாடம் கிடையாது. ஆனால் வழக்கத்தால் அறியப்பட்டது நிபந்தனையாகப் பேசப்பட்டது போலாகும் என்ற சட்ட விதி அதே கிரந்தங்களில் இருக்கிறது. பணிக்கொடைச் சட்டம் 1972-இல் வந்தது. அன்றிலிருந்து இந்நாட்டில் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஒருவரை அமர்த்துபவரும் அமர்பவரும் அதை அறிந்தே உடன்படுகிறார்கள். அந்த ஆதரவை நம்பித்தான் குறைந்த சம்பளத்துக்கும் ஒருவர் இருபது ஆண்டு ஓரிடத்தில் இருக்கிறார். ஆகவே அது பேசப்படாத நிபந்தனை. முஸ்லிம்கள் தங்கள் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிவழி. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனத்திலேயே அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான். எனவே சட்டப்படி சேர்ந்துவிட்ட பணிக்கொடையும் நஷ்டஈடும் முதலாளியின் மேல் நிற்கும் கடன் என்பதே இந்த எளியவனின் முடிவு.

கடன் என்று முடிவானால் பல விஷயங்கள் மாறுகின்றன. அவற்றில் முதலாவது ஜகாத் பற்றியது. நம் கடைத்தெருக்களில் நடக்கும் ஒரு காரியத்தைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பதினைந்து, இருபது வருடம் கல்லாவிலும் கிடங்கிலும் நின்றவரை அனுப்பிவிடுகிறார்கள். கணக்குப் பார்ப்பதில்லை. அடுத்த ரமளானில் அவரைக் கூப்பிட்டு, ஜகாத் பணத்திலிருந்து ஒரு தொகையைக் கொடுத்து, ‘பழைய ஆளை மறக்கவில்லை’ என்று திருப்திப்படுகிறார்கள். இதனால் இரண்டு பாரமும் இறங்கவில்லை. தன் கடனைத் தீர்க்கும் எண்ணத்தில் கொடுத்தது ஜகாத்தாகாது; ஜகாத் என்று எண்ணிக் கொடுத்தது கடனை அடைக்காது. முதலில் அவருடைய ஹக்கை முழுதும் கொடுத்துவிட வேண்டும். அதன் பின்னும் அவர் ஏழையாக இருந்தால் ஜகாத்தும் கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம்.

மறுமையில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரீ ஷரீஃபில் வருகிறது. கூலிக்கு ஆளை அமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடாதவன் அந்த மூவரில் ஒருவன். குகையில் அடைபட்ட மூவரின் ஹதீஸ் இதற்கு மறுபக்கம். அவர்களில் ஒருவர், கூலியை வாங்காமல் போய்விட்ட ஆளின் சிறு தானியக் கூலியைத் தம் பணத்தோடு கலக்காமல் பெருக்கி வந்தார். நெடுங்காலம் கழித்து அந்த ஆள் வந்து கேட்டபோது மந்தை மந்தையாகக் காட்டி, இவையெல்லாம் உன் கூலியே என்றார். பரிகாசம் செய்யாதீர் என்று அந்த ஏழை நம்ப மறுத்தான். அவனும் எல்லாவற்றையும் ஓட்டிச் சென்றான். இந்த அமலை முன்வைத்து துஆச் செய்ததும் பாறை விலகியது. தம்முடைய ஹக்கைக் கேட்டு வரும் தொழிலாளி இன்றும் அந்த ஏழையைப் போலத்தான், கிடைக்கும் என்ற நம்பிக்கையில்லாமல் வருகிறார்.

இனி நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் குடும்பத்தார் அறிந்து வைப்பது அவசியம். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பணிக்கொடையும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சென்றுவிட்டது. பெயர்கள் மாறினாலும் நஷ்டஈட்டின் அளவு மாறவில்லை. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் நிறுத்துவதானால் காரணத்தைக் காட்டி ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் தர வேண்டும். அல்லது அந்த மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். அதோடு முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலம் ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படும். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஓராண்டு தொடர்ச்சி உண்டு. சம்பளத்தோடு கூடிய விடுமுறைகளும் அந்த 240-இல் சேரும். இந்தப் பணத்தை நிறுத்தும் வேளையிலேயே கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை இது நினைவூட்டவில்லையா?

பணிக்கொடை இதனின்றும் வேறு. ஒன்று கிடைத்ததால் மற்றது போகாது. ஐந்தாண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வகுத்துக் கணக்கிடப்படும். மரணத்துக்கும் உடல் ஊனத்துக்கும் ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்குப் புதிய சட்டத்தில் ஓராண்டு போதும். சேர்ந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 

ஓர் உதாரணம் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் 18 வருடம் 7 மாதம் வேலை செய்த ஒருவரை ஆட்குறைப்பில் நிறுத்துகிறார்கள் என்று வைப்போம். ஆண்டுகள் 19 எனக் கொள்ளப்படும். ஆண்டுக்கு அரை மாதம் 7,500 வீதம் நஷ்டஈடு 1,42,500. பணிக்கொடை 15,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 19-ஆல் பெருக்க, 1,64,423. நோட்டீஸ் இல்லாமல் நிறுத்தினால் 15,000. ஆக 3,21,923 ரூபாய். சேமநல நிதி இதில் சேராது. அது ஏற்கெனவே அவருடைய பணம். புதுத்தொழில் கற்பதற்கென்று கடைசிச் சம்பளத்தில் 15 நாள் தொகையை முதலாளி ஒரு நிதிக்குச் செலுத்த, அதுவும் அவர் கணக்கில் வந்து சேர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. இத்தனையும் உள்ள ஒருவர் கையில் பத்தாயிரத்தைத் திணித்து ‘பெருநாள் செலவுக்கு வைத்துக்கொள்’ என்றால், அது எந்தக் கணக்கில் சேரும் என்பதை முதலாளி தாமே யோசிக்கட்டும்.

300 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையை மூடவோ ஆளைக் குறைக்கவோ அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய சட்டத்தில் இந்த எண்ணிக்கை 100. இந்த ஒரு மாற்றத்தால் தொழிலாளிக்கு இருந்த ஒரு வேலி குறைந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. கடைசியில் சேர்ந்தவரை முதலில் நிறுத்த வேண்டும் என்ற முறையும், ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால் நிறுத்தப்பட்டவருக்கு முன்னுரிமை என்பதும் தொடர்கின்றன. நிர்வாகப் பதவியில் இருப்பவரும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் இந்த ஆட்குறைப்பு விதிகளில் வரமாட்டார்கள். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். அமீரகச் சட்டத்தில் முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன் பின் 30 நாள். முடிவுத் தொகையை 14 நாளுக்குள் தர வேண்டும். புதுவைக் குடும்பங்களில் பலருக்குப் பிரான்சில் வேலை. அங்கும் ஆளை நிறுத்தினால் முதல் பத்தாண்டுக்கு ஆண்டுக்குக் கால் மாதச் சம்பளம் குறைந்தபட்சமாக உண்டு. எந்த நாட்டிலும் இதை இனாமாக எழுதவில்லை.

இவ்வளவு உரிமையும் ஒரு வரியில் கைநழுவிப் போகும் இடம் ஒன்று உண்டு. ‘என் சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்’ என்ற வரிதான் அது. தானாக விலகுவது சட்டத்தில் ஆட்குறைப்பு ஆகாது. ஆகவே நோட்டீஸ் சம்பளமும் நஷ்டஈடும் போய்விடும். ஐந்தாண்டு ஆகியிருந்தால் பணிக்கொடை மட்டும் நிற்கும். இதை அறிந்தவர்கள், அனுப்ப நினைக்கும் ஆளை உள்ளே அழைத்து நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, ‘நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் பெயருக்கு நல்லது’ என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். ‘நீங்கள் நிறுத்துவதானால் நிறுத்துவதாக எழுதித் தாருங்கள்’ என்று மரியாதையாகக் கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கு முடிந்தது என்ற தாளில் தொகை குறைந்திருந்தால் ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். முறை தவறி நிறுத்தப்பட்டவர் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுச் செய்யலாம். 45 நாள் கடந்தும் தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். எல்லாம் இரண்டாண்டுக்குள்.

முதலாளிக்கும் இதில் ஒரு மஸ்அலா இருக்கிறது. கடன்பட்டவனை ஹக்குடையவன் மன்னித்து விட்டுக்கொடுப்பதை இப்ராஃ என்போம். அது மனப்பொருத்தத்தோடு நடந்தாலன்றிச் செல்லாது. நெருக்கி வாங்கிய மன்னிப்பு மன்னிப்பன்று. நெருக்கடி என்றால் அடி உதை மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். வெட்கத்தை வாளாக்கி ஒருவரிடம் வாங்குவதும் பறித்தது போலத்தான் என்று நம் இமாம்கள் எச்சரித்திருக்கிறார்கள். ‘காக்கா, உங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவன் நான், கணக்கா கேட்பேன்?’ என்று சொல்லி எழுந்து போகும் மனிதர் மன்னித்துவிட்டுப் போகவில்லை. கேட்க வாய் வராமல் போகிறார். அவருடைய நாணம் முதலாளியின் கடனை அழித்துவிடாது.

கடனை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடும் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். நாமோ இருபது வருட வேலையை ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் செய்துவிடுகிறோம். வேலைக்கு அமர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, சேமநல நிதி எண், வங்கியில் சம்பளம் விழுந்த பக்கங்கள் ஆகியவற்றைப் பெண்கள் நகைப் பெட்டியோடு சேர்த்துப் பூட்டி வைக்கட்டும். ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் தொகையும் எழுதி வரட்டும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த மகள் இருந்தால் இந்த வேலை அவளிடம் ஒழுங்காக நடக்கும்.

பணம் கைக்கு வந்தபின் ஜகாத் எப்போது என்பது அடுத்த கேள்வி. கைக்கு வராத பணிக்கொடைக்கு முந்திய ஆண்டுகளின் ஜகாத் இல்லை என்று பல ஆலிம்கள் கூறுகிறார்கள். நாமும் அதையே எடுக்கிறோம். வந்த பின் கடன்களைத் தீர்த்து, நிஸாபுக்கு மிஞ்சியிருந்து, சந்திர ஆண்டு ஒன்று நிறைந்தால் ஜகாத் கடமை. தீர்க்க வேண்டிய கடன்களில் மனைவியின் மஹரும் ஒன்று என்பதை ஆண்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்! தாமதத்துக்காகச் சட்டம் கொடுக்கச் சொல்லும் வட்டியைப் பற்றி ஆலிம்களிடையே பேச்சு உண்டு. பேணுதலை விரும்புபவர் அந்தப் பகுதியைத் தனியே பிரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடட்டும். அதற்கு அஞ்சி அசலையே கேட்காமல் விடுவது பேணுதலாகாது.

வாங்குமுன் தொழிலாளி மௌத்தாகிவிட்டால் அவருக்குச் சேர்ந்துவிட்ட சம்பளமும் நஷ்டஈடும் பணிக்கொடையும் அவர் விட்டுச்சென்ற சொத்தாகும். படிவத்தில் நாமினி என்று யார் பெயர் இருந்தாலும் அவர் பணத்தை வாங்கிச் சேர்க்கும் அமானிதக்காரரே. மையித்தின் கடனும் வஸிய்யத்தும் போக மீதி ஃபராயிள் முறைப்படி எல்லா வாரிசுகளுக்கும் பங்கிடப்பட வேண்டும். விதவைக்கென்று தனியே வரும் குடும்ப ஓய்வூதியம் அவளுக்கே உரியது. கல்யாணத்துக்கு முன் எழுதிய படிவத்தில் தாயின் பெயரோ அண்ணன் பெயரோ இருந்து, பின்னால் மனைவியும் குழந்தைகளும் அலைவதைப் பல குடும்பங்களில் காண்கிறோம். வேலையில் இருக்கும்போதே அந்தப் படிவத்தை எடுத்து யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து மாற்றி எழுதுவது ஒரு நாள் வேலைதான்.